அணு, காற்று, சூரியன்: எது எந்தப் பட்டறையைக் கேட்கிறது?

தம்பி, நீங்கள் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அணுமின் நிலையத்துக்கு இரும்பும் சிமென்ட்டும் குறைவாகத்தான் ஆகிறது, சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் மலை மலையாகச் சாமான் வேண்டும், அதனால் செய்வதற்கு அணுதான் சுலபம் என்று உங்கள் மாமா சொல்கிறாராம். அது சரியா என்பது முதல் கேள்வி. எர்ணாவூரில் அப்பா நடத்தும் பேப்ரிகேஷன் பட்டறைக்கு இதில் எங்கே வேலை கிடைக்கும் என்பது இரண்டாவது.

மாமாவின் கணக்கு தப்பில்லை. ஆனால் அவர் எடையை மட்டும் பார்க்கிறார். நான் மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் முப்பது வருடத்துக்கு மேல் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன். எத்தனை டன் என்று கேட்டு ஒரு வேலையின் கஷ்டத்தை நாங்கள் அளந்ததே இல்லை. எத்தனை உருப்படி, எவ்வளவு பெரிசு, எத்தனை முறை சோதனை, தப்பானால் திருத்த முடியுமா, இதைத்தான் முதலில் கேட்போம். அப்படிக் கேட்டால் இந்த மூன்றும் மூன்று வேறு உலகம்.

முதலில் மாமாவின் கணக்கைப் போட்டுவிடலாம். கூடங்குளத்தில் இருப்பதுபோல 1000 மெகாவாட் அணு உலை ஒன்று, வருடத்தில் 80 சதவீதம் ஓடினால் சுமார் 700 கோடி யூனிட் தரும். அதே யூனிட்டைச் சூரிய ஒளியில் எடுக்க வேண்டும் என்றால், ராத்திரி, மேகம் எல்லாம் போக நம் ஊரில் 19 சதவீதம்தான் கைக்கு வரும் என்று வைத்தால், 4200 மெகாவாட் அளவுக்குப் பேனல் போட வேண்டும். 550 வாட் பேனலாக எடுத்தால் 76 லட்சம் பேனல். ஒன்று 28 கிலோ. ஆக 2 லட்சம் டன்னுக்கு மேல், அதில் முக்கால்வாசிக்குப் பக்கம் கண்ணாடி. தாங்கும் இரும்புச் சட்டம் தனி. காற்றாலைக்கு 28 சதவீதம் வைத்தால் 3 மெகாவாட் இயந்திரம் 950 வேண்டும், அதாவது 2850 இறக்கை. புதிய உலையை 60 வருடம் ஓட்டுவதாகக் கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். பேனலும் காற்றாலையும் இருபது, இருபத்தைந்து வருடத்தில் மாற்றத்துக்கு வந்துவிடும். இதுவரை மாமா பக்கம்தான்.

ஆனால் நாம் நிலக்கரி ஊர்க்காரர்கள். கன்வேயரும் சாம்பல் குளமும் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரி என்று வைத்தால் அதே 700 கோடி யூனிட்டுக்கு 49 லட்சம் டன் ஆகிறது, அதுவும் வருடா வருடம். அதோடு ஒப்பிட்டால் இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு முறை 2 லட்சம் டன் பேனல் ஒரு பாரமே இல்லை. கண்ணாடி, அலுமினியம், சாதாரண இரும்பு எல்லாம் உலகம் ஏற்கெனவே கோடிக்கணக்கான டன்னில் செய்துகொண்டிருக்கும் சரக்கு. எதைச் செய்ய ஆளும் இயந்திரமும் இல்லையோ, அங்கேதான் வேலை நிற்கும்.

அணுவில் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கூடங்குளம் மாதிரி உலையில் எரிபொருள் முழுவதும் ஒரே பெரிய உருக்குக் கலத்துக்குள் இருக்கிறது. 300 டன்னுக்கு மேல் எடை, சுவர் தடிமன் ஒரு சாண் இருக்கும். எரிபொருளுக்கு நேர் எதிரே வரும் பகுதியில் நியூட்ரான் வருடக்கணக்காக இடித்து இரும்பை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். அதனால் அந்த இடத்தில் முடிந்தவரை வெல்டிங்கே வரக் கூடாது. அப்படியானால் வளையம் முழுசும் ஒரே கட்டியிலிருந்து அடித்து எடுத்ததாக இருக்க வேண்டும். ஜப்பானில் முரோரான் என்ற ஊரில் இருக்கும் ஜப்பான் ஸ்டீல் வொர்க்ஸ் இதற்காக 600 டன் உருக்குக் கட்டியை வார்த்து, 14,000 டன் அழுத்தும் பிரஸ்ஸில் அடிக்கிறது. 2008 வாக்கில் உலகத்தின் பெரிய உலைகளுக்கெல்லாம் அநேகமாக அந்த ஒரு ஊர் வாசலில்தான் வரிசை நின்றது. நம் நாட்டில் ஹசீராவில் எல் அண்ட் டி பிறகு 9000 டன் பிரஸ் போட்டது. எடை குறைவுதான், மாமா சொல்வது உண்மை. ஆனால் அந்த எடையைச் செய்யக்கூடிய கை உலகத்தில் எண்ணி ஐந்தாறு.

அப்படிச் செய்தாலும் தப்பு வராமல் இருக்காது. பிரான்சில் லெ க்ரூசோ என்று பரம்பரையாக உருக்கு அடிக்கும் ஊர். பிளமான்வில் உலையின் கலத்து மூடியில் சில இடங்களில் கார்பன் அளவுக்கு மேல் தேங்கியிருந்தது தெரிய வந்து, தோண்டிக்கொண்டே போனபோது அந்தப் பட்டறையின் பழைய தரச் சான்றிதழ்களிலேயே முரண்பாடுகள் வெளியே வந்தன. 2016-இல் அது பெரிய விவகாரம். 2007-இல் கட்டத் தொடங்கிய அந்த உலை 2024 டிசம்பரில்தான் மின்தொடரில் சேர்ந்தது. தாமதத்துக்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பட்டறைத் தப்பு கட்டுமானத்தை எப்படிப் பிடித்து இழுக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கனடாக்காரர்கள் இந்தப் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்தார்கள். அத்தனை பெரிய கலத்தை அடிக்கும் தொழிற்சாலை அவர்களிடம் இல்லை. அதனால் ஒரே கலத்துக்குப் பதில் நூற்றுக்கணக்கான சின்னக் குழாய்களில் எரிபொருளை வைத்து, கனநீரால் குளிர்விக்கும் உலையை வடிவமைத்தார்கள். நம் கல்பாக்கம் உலைகள் இரண்டும் (1984, 1986) அந்த வம்சம்தான். 220 மெகாவாட் உலைக்கு 306 குழாய். சிர்கோனியத்தோடு நியோபியம் கலந்த அந்தக் குழாய்கள் இப்போது ஹைதராபாத்தில் அணு எரிபொருள் வளாகத்தில் செய்யப்படுகின்றன. எனக்கு இதில் பிடித்த விஷயம் என்ன தெரியுமா? இயற்பியல் சொன்னதுபோல மட்டும் அந்த உலை வரவில்லை, பட்டறையில் என்ன செய்ய முடியும் என்பதும் சேர்ந்துதான் அதன் உருவத்தைத் தீர்மானித்தது. அதே கல்பாக்கத்தில் 500 மெகாவாட் வேக ஈனுலைக்கான (எரிபொருளைத் தானே பெருக்கிக்கொள்ளும் வகை உலை) எஃகுக் கலத்தைப் பாருங்கள், சுமார் 13 மீட்டர் விட்டம். எந்த ரோட்டில் கொண்டுவருவது? உலைக்குப் பக்கத்திலேயே ஒரு கொட்டகை கட்டி, அங்கேயே செய்து, 2009 டிசம்பரில் கிரேனில் தூக்கி உள்ளே இறக்கினார்கள்.

இரும்பைவிட அணுவில் கஷ்டமானது காகிதம். 1990களின் நடுவில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பட்டறை, பேர் வேண்டாம். அணுமின் நிலையம் ஒன்றுக்குக் குழாய் தாங்கும் பிராக்கெட், 40 உருப்படி. உங்கள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை. பிளேட்டில் ஹீட் நம்பர் இருக்கும் இல்லையா, எந்த உலையில், எந்த நாளில் உருக்கிய இரும்பு என்று சொல்வது? பிளேட்டை வெட்டுவதற்கு முன்னால் அந்த நம்பரை ஒவ்வொரு துண்டிலும் பஞ்ச் அடிக்க வேண்டும், அதை இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடைசி நாள் கிரைண்டர் பிடித்த பையன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஆறு பிராக்கெட்டின் முகத்தை மழமழவென்று தேய்த்துவிட்டான். நம்பர் போச்சு. வந்த இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், வெல்டிங்கில் ஒரு குறையும் சொல்லவில்லை. இது எந்த இரும்பு என்று மட்டும் கேட்டார். அதே இரும்புதான் சார் என்றோம். எங்கே எழுதியிருக்கிறது என்றார். அந்த ஆறு பிராக்கெட்டும் கடைசியில் கேன்டீன் தண்ணீர் டேங்கைத் தாங்கிக்கொண்டு நின்றன. நல்ல பிராக்கெட், இன்னும் நிற்கும்.

அமெரிக்காவிலும் இதேதான், பெரிய அளவில். ஜார்ஜியாவில் வோக்டில் உலைகளைத் துண்டு துண்டாகத் தொழிற்சாலையில் செய்து, கட்டுமான இடத்தில் பொருத்திவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். லூசியானாவில் லேக் சார்ல்ஸில் இதற்கென்றே ஒரு தொழிற்சாலை. அங்கே வெல்டிங்கிலும் ஆவணத்திலும் வந்த சிக்கலால் துண்டுகள் வருடக்கணக்கில் தாமதமாயின. இரண்டு உலையும் 2023, 2024-இல் ஓட ஆரம்பித்தபோது செலவு 3000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. நம் கட்டுப்பள்ளியில் எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்கான மாட்யூல்களைக் கடலோரத்திலேயே செய்து கப்பலில் ஏற்றுகிறார்கள். அந்தத் திறமை நம்மிடம் இருக்கிறது. ஆனால் எண்ணெய்க் கம்பெனி கேட்கும் காகிதத்துக்கும் அணு கேட்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு கொசஸ்தலை ஆறே ஓடும்.

சரி, காற்றுக்கு வருவோம். நம் மாதிரி ஆட்களுக்குப் பழக்கமான உலகம் இதுதான்.

காற்றாலையின் இறக்கைகள் மூன்றும் வந்து சேரும் மையக் குடத்தை எஸ்.ஜி. அயர்னில், அதாவது உள்ளே கிராபைட் உருண்டை உருண்டையாக இருக்கும் வார்ப்பிரும்பில், வார்க்கிறார்கள். 3 மெகாவாட் இயந்திரத்துக்கு அது ஒன்றே 15 டன்னுக்கு மேல் போகும். எண்ணூர்ப் பக்கம் வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தவர் யாரையாவது கேளுங்கள், சொல்வார்: லேடிலில் (உருகிய இரும்பை எடுத்து ஊற்றும் வாளி) மெக்னீசியம் போட்டபிறகு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்காவிட்டால் மெக்னீசியத்தின் வீரியம் போய், கிராபைட் உருண்டையாக வராமல் புழு மாதிரி வளைந்துவிடும். அத்தனை டன்னை அந்த அவகாசத்தில் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் உடைத்துப் பார்க்கவும் முடியாது. மணலுக்குள் நாள்கணக்கில் ஆற விட வேண்டும். அப்புறம் மைனஸ் 20 டிகிரியில் ஒரு மாதிரித் துண்டைச் சுத்தியலால் அடித்துச் சோதிப்பார்கள். ஆரல்வாய்மொழி வெயிலில் நிற்கப்போகும் இரும்புக்கு மைனஸ் 20 எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தத் தர விதியை எழுதினவன் டென்மார்க்கிலோ ஜெர்மனியிலோ இருந்து எழுதினான்.

கோபுரம் பிளேட்டை உருட்டி வெல்டிங் செய்வது. சாதாரண வேலை மாதிரித் தெரியும். ஆனால் அதன் விட்டத்தை முடிவு செய்வது இன்ஜினியர் இல்லை, ரோட்டு மேம்பாலம். டிரெய்லரில் ஏற்றினால் பாலத்துக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதால் சுமார் 4.3 மீட்டரோடு நின்றுவிடுகிறது. அந்த விட்டத்திலேயே கோபுரத்தை இன்னும் உயரமாக்க வேண்டும் என்றால் பிளேட்டின் தடிமனை ஏற்ற வேண்டும், இரும்பு வீணாகும். இந்தியாவில் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள்: கீழ்ப்பாதி ஆங்கிள் இரும்புக் கூண்டு, மேல்பாதி குழாய். ஆங்கிளை லாரியில் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டு போய் அங்கேயே போல்ட் போடலாம். மின்கோபுரம் செய்த எந்தப் பட்டறையும் இதைச் செய்யும்.

இறக்கை ஒன்றுதான் இன்னும் கைவேலை. கண்ணாடி இழைத் துணியை ஆட்கள் அச்சுக்குள் அடுக்கடுக்காக விரிப்பார்கள், நடுவே பால்சா மரமோ நுரைப்பலகையோ. மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, அந்த வெற்றிடம் ரெசினை இழுக்கும்படி விடுவார்கள். உறையில் எங்காவது ஊசிமுனை ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். அப்புறம் தேய்த்தெடுத்து ஒட்டுப்போட வேண்டியதுதான். பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது, 2020-இல் அதற்கே தட்டுப்பாடு வந்தது. வெளிவட்டச் சாலையில் நடுராத்திரி மீஞ்சூர்ப் பக்கம் போகும் இறக்கை டிரெய்லரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருப்பத்தில் பின்சக்கரத்தைத் தனியாக ஒருவர் ரிமோட்டில் திருப்பிக்கொண்டே நடந்து வருவார். அந்தத் திருப்பம்தான் இறக்கை நீளத்தின் எல்லை.

காற்றில் ஒரே ஒரு சிக்கல் பட்டறைக்கு வெளியே இருக்கிறது: காந்தம். கியர்பாக்ஸ் இல்லாத வகை இயந்திரத்தில் மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ நியோடிமியம் காந்தம் ஆகும். அந்தக் காந்தத்துக்கு வேண்டிய அருமண் (ரேர் எர்த்) உலோகங்களின் சுத்திகரிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் சீனாவின் கையில். 2025 ஏப்ரலில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் கார் கம்பெனிகள் பட்ட பாடு தெரியும். வேடிக்கை என்னவென்றால், முப்பந்தல் காற்றாலைகளிலிருந்து கொஞ்ச தூரத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அருமண் உள்ள மோனசைட் மணல் கிடக்கிறது. மணலிலிருந்து காந்தம் வரைக்குமான இடைத்தொழிற்சாலைகள்தான் இங்கே போதாது. கியர்பாக்ஸ் வகைக்கு இந்தக் காந்தம் இல்லாமலே முடியும். இந்தியாவுக்கு அதுவே புத்திசாலித்தனம் என்று என் எண்ணம்.

சூரிய மின்சாரம் வேறு ஜாதி. இங்கே வெல்டருக்கும் டர்னருக்கும் இடமே இல்லை. மணலில் இருக்கும் சிலிக்கனை மின்வில் உலையில் பிரித்து, வாயுவாக்கி, காய்ச்சி வடித்து, 1100 டிகிரியில் காயும் மெல்லிய கம்பிகள்மேல் நாள்கணக்கில் படியவிட்டு, நூறு கோடியில் ஒரு பங்குகூட அழுக்கில்லாமல் எடுப்பார்கள். கிலோவுக்கு 50, 60 யூனிட் மின்சாரம் இந்த ஒரு படிக்கு மட்டும் ஆகிறது. அதை உருக்கி ஒற்றைப் படிகமாக இழுத்து, வைரத்தூள் பூசிய கம்பியால் இரண்டு தலைமுடித் தடிமனுக்குச் சீவுவார்கள். செல்லாக்கி, கோர்த்து, கண்ணாடிக்குள் வைத்து ஒட்டினால் பேனல். கடைசிப் படி ஒன்றுதான் சுலபம். அதனால்தான் இந்தியாவில் 2025 ஆகஸ்டில் பேனல் செய்யும் திறன் அரசுப் பட்டியலில் 100 ஜிகாவாட்டைத் தொட்டது, செல் அதில் ஒரு பங்குதான், அதற்கும் முந்தைய படிகளுக்குப் போகப் போக ஆள் மிகக் குறைவு. படிகளில் எதை எடுத்தாலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் என்று 2022-இல் சர்வதேச எரிசக்தி முகமை கணக்குக் காட்டியது.

ஆனாலும் விலை எப்படி இறங்கிற்று? ஒரே உருப்படியை ஒரே இயந்திரம் மணிக்கு ஆயிரக்கணக்கில் செய்கிறது. இன்று வந்த தப்பை நாளைக் காலை திருத்தி, நாளை மாலைக்குள் இன்னொரு லட்சம் செய்து பார்த்துவிடலாம். அணு உலையில் அதே பாடத்தைக் கற்க அடுத்த உலை வரும்வரை பத்து வருடம் காத்திருக்க வேண்டும், அதற்குள் கற்றவன் ஓய்வு பெற்றுவிடுவான். என்னைக் கேட்டால் மூன்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான், டன் கணக்கு அதற்கப்புறம்.

சிலிக்கனே இல்லாத வழியும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறந்த பர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை, கண்ணாடிமேல் காட்மியம் டெலுரைடு ஆவியைப் படியவைக்கிறது. ஒரு பக்கம் கண்ணாடி போனால் நாலு மணி நேரத்தில் மறுபக்கம் பேனல் வெளியே வரும். டெலுரியம் செம்பு சுத்திகரிப்பில் கிடைக்கும் உபபொருள் என்பதால், செம்பு எவ்வளவோ அவ்வளவுதான் டெலுரியமும்.

வட சென்னைக்காரனாக ஒன்று சொல்லியாக வேண்டும். சிலிக்கன் சுத்திகரிப்பு என்பது முழுக்க ரசாயனத் தொழிற்சாலை. அதில் ஓடும் டிரைக்ளோரோசிலேன் ஈரக்காற்று பட்டாலே ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையாகும். 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்த ராத்திரி குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஜனத்திடம், சுத்தமான மின்சாரத்துக்காக இதை இங்கே வைக்கிறோம் என்று யாராவது வந்தால் என்ன பதில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். 'நாட்டிலேயே எல்லாப் படியும் செய்ய வேண்டும்' என்று பேசுகிறவர்கள் எந்த ஊரில் என்பதையும் சேர்த்துப் பேசட்டும்.

மற்றவை சுருக்கமாக. நீர்மின் சுழலி ஒவ்வொன்றும் அந்தந்த அணைக்கென்று தனியாக அளவெடுத்துத் தைத்த சட்டை; 13 சதவீதக் குரோமிய எஃகில் வார்த்து, கையால் தேய்த்துச் சரிசெய்வது. குந்தாவில் கட்டும் நீரேற்று நிலையத்துக்கு 125 மெகாவாட்டில் நாலே நாலு. தொடர்ந்து வேலை தராது. பேட்டரி இதற்கு நேர் எதிர், பேனல் மாதிரி கோடிக்கணக்கில் ஓடும். அதில் ஒரு தொல்லை நம் ஊருக்கே உரியது: செல் செய்யும் அறையில் ஈரமே கூடாது, மைனஸ் 40 டிகிரி பனிநிலை வரை, அதாவது அவ்வளவு குளிர்வித்தால்தான் ஈரம் படியும் என்ற அளவுக்கு, காற்றை உலர்த்த வேண்டும். 7018 வெல்டிங் ராடை அடுப்பில் வறுத்து எடுத்து வந்து பத்தடி நடப்பதற்குள் ஈரம் ஏறுகிறதே என்று புலம்புகிற எண்ணூர்க் கடற்காற்றில், ஒரு அறை முழுக்க அப்படி வைத்துக்கொள்ள ஆகும் கரண்ட் பில்லை நினைத்துப் பாருங்கள்.

இப்போது அப்பாவின் பட்டறை. உருட்டும் இயந்திரம் சின்னது, ஆறு வெல்டர், ஒரு ஓவர்ஹெட் கிரேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பேனலோ செல்லோ பக்கம் போக வேண்டாம். பேனலைத் தாங்கும் சட்டம் செய்யலாம், ஆனால் அதில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், லாபம் கிலோவுக்கு இரண்டு, மூன்று ரூபாய்க்கு அடித்துக்கொள்வார்கள். கால்வனைசிங் தொட்டி எவ்வளவு நீளமோ அதற்குமேல் ஒரு துண்டும் போக முடியாது, அதை முதலில் விசாரித்துவிட்டு டிராயிங்கைப் பாருங்கள். காற்றாலைக் கோபுரத்துக்குள் போகும் ஏணி, நடைமேடை, கேபிள் தாங்கி, இவை தொடர்ந்து வரும் ஆர்டர். ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரே மாதிரி. எனக்கு அதைவிடவும் பிடித்தது டிரான்ஸ்பார்மர் டேங்க். காற்றோ சூரியனோ அணுவோ, எது வந்தாலும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் கம்பியில் ஏறாது. உலகம் முழுக்க இன்று அதற்கு வரிசை. எண்ணெய் கசியாத வெல்டிங் போடத் தெரிந்த ஆறு பேர் அதற்குப் போதும்.

அணு ஆர்டர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வடசென்னை மூன்றாம் நிலை 800 மெகாவாட் போன்ற சூப்பர்கிரிட்டிகல் அனல் நிலையங்களில் பி91 என்ற, அதிக வெப்பம் தாங்கும் கலப்பு எஃகுக் குழாயில் வெல்டிங் செய்த ஆட்கள் இந்தப் பகுதியில் கிடைப்பார்கள். முன்சூடு, பின்சூடு, 750 டிகிரி சூட்டைப் பதிவு செய்யும் சார்ட் என்று அவர்களுக்குக் காகிதம் பழக்கம். அப்படி ஒருவரை வேலைக்கு வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் சாதாரண ஆர்டருக்கே அணு ஆர்டர் மாதிரிக் கணக்கு எழுதிப் பாருங்கள். அதற்கும் முன்னால், அப்பாவிடம் ஹீட் நம்பர் அடிக்கும் பஞ்ச் செட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மண்ணடியில் கிடைக்கும். எழுத்து, எண் இரண்டும் சேர்ந்த செட்டாக வாங்குங்கள். கிரைண்டர் பிடிக்கும் பையனிடம் அதை எதற்கு அடிக்கிறோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.